பாப் ஸ்மியரா, எச்.பி.வி. பரிசோதனையா? ரிப்போர்ட் வந்த பிறகு என்ன?

அக்காவுக்கு 43 வயது. இரண்டு பிள்ளைகள் பெற்றவள். அதுவரை ஒருமுறைகூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. போன வருடம் ஒருவழியாக மனம் வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு, அன்று இரவே என்னைக் கூப்பிட்டாள். "மூணு விதமா இருக்காம்டி. பாப் எடுக்கலாம், எச்.பி.வி. எடுக்கலாம், ரெண்டையும் சேர்த்தும் எடுக்கலாம்னு சொன்னாங்க. நீ சொல்லு, எதை எடுக்கட்டும்?"

நான் மருத்துவர் இல்லை. ஆனால் எனக்கு இந்தப் பாதை தெரியும். 36 வயதில் என் பாப் ரிப்போர்ட்டில் மாற்றம் இருப்பதாக வந்தபோது, அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு 14 மாதம் எங்கும் போகாமல் இருந்தேன். பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அதனால் அக்காவுக்குச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: எந்தப் பரிசோதனை உசத்தி என்று மட்டும் பார்க்காதே. எதை எடுத்தால் அதற்கு அடுத்த படியையும் நீ போய் முடிப்பாய் என்று பார். பரிசோதனை யாரையும் காப்பாற்றுவதில்லை. அதன் முடிவை வைத்து அடுத்துச் செய்வதுதான் காப்பாற்றுகிறது.

இந்தப் பரிசோதனைகளுக்குள் உள்ள வித்தியாசம் புரிய வேண்டுமானால், இந்த நோய் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹௌசன் 1983-இல் அந்த வைரஸின் 16-ஆம் வகையைப் புற்றுத் திசுவில் கண்டார், அடுத்த ஆண்டே 18-ஆம் வகையையும். 2008-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இந்த இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். வைரஸ் தொற்றுவது மிகச் சாதாரணம். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டால் செல்கள் மெல்ல மாறும், மாறிய செல்கள் கூடித் திட்டாகும், அந்தத் திட்டு புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே நடந்துவிடலாம்.

இவ்வளவு மெதுவாக நடந்து வரும் நோய் வேறு எது இருக்கிறது! வழிமறிக்க இத்தனை ஆண்டுகள் அவகாசம் இருந்தும், 2022-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3,50,000 பெண்கள் இதில் இறந்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கை எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.

எச்.பி.வி. பரிசோதனை வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. பாப் ஸ்மியர் செல் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. வி.ஐ.ஏ. என்ற இன்னொரு முறை, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கிறது. பாதை ஒன்றுதான், நின்று பார்க்கும் இடம்தான் வேறு வேறு.

பாப் ஸ்மியர்: பழைய காவல்காரர்

மருத்துவர் ஜார்ஜ் பாபநிகோலாவ் 1928-இல் இந்த முறையைப் பற்றி முதலில் பேசியபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1941-இல் ஹெர்பர்ட் ட்ராட் என்ற மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் கவனித்தது. பாபநிகோலாவின் மனைவி மேரி பல ஆண்டுகள் தன் உடலிலிருந்தே மாதிரி கொடுத்து வந்தார். பரிசோதனைக்கு அவர் கணவர் பெயர்தான் நிலைத்தது, ஆனால் எனக்கு இதை நினைத்தால் மேரியின் முகம்தான் முன்னால் வருகிறது.

ஒரு சிறு தூரிகையால் கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பல நாடுகளில் இந்த நோயைப் பாதிக்கும் மேல் குறைத்தது இந்த எளிய வேலைதான். ஆனால் ஒரே ஒருமுறை எடுத்த பாப் ஸ்மியரை நம்பிவிட முடியாது. சிகிச்சை தேவைப்படும் மாற்றங்களில் மூன்றில் ஒன்றையோ, சில ஆய்வுகளில் பாதியையோகூட அது தவறவிடுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வதே அதனால்தான், இந்த முறை தப்பியது அடுத்த முறை சிக்கும் என்று. ஆக, பாப் ஸ்மியரின் பலம் தொடர்ச்சியில் இருக்கிறது. தவறாமல் போகிறவருக்கு அது நல்ல காவல். பத்து வருடத்துக்கு ஒருமுறை நினைவு வந்து போகிறவருக்கு ஓட்டை விழுந்த வலை.

அதன் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். வீண் பயம் காட்டுவது குறைவு. மாற்றம் இருக்கிறது என்று அது சொன்னால் பெரும்பாலும் ஏதோ இருக்கும்.

செல்களைத் தகட்டில் பூசாமல் திரவத்தில் கரைத்து அனுப்பும் புதிய வகையும் உண்டு. மாதிரி சரியில்லை, மறுபடி வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது அதில் குறையும். அதே திரவத்தில் எச்.பி.வி.யும் பார்த்துக்கொள்ளலாம். நோயைக் கண்டுபிடிப்பதில் பழைய முறையைவிடப் பெரிதாக மேல் என்று சொல்வதற்கில்லை.

எச்.பி.வி. பரிசோதனை: என் ஓட்டு இதற்கு

மாதிரி எடுப்பது பாப் ஸ்மியர் போலத்தான். படுத்திருக்கும் நமக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இங்கே மனிதக் கண்ணுக்குப் பதில் இயந்திரம் வைரஸின் மரபணுவைத் தேடுகிறது. சிகிச்சை தேவைப்படும் மாற்றம் இருக்கும் நூறு பெண்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை இது பிடித்துவிடும். வைரஸ் இல்லை என்று வந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம். 30 வயதுக்கு மேல் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014-இல் பார்த்தார்கள், மொத்தம் 1,76,000 பெண்கள். பாப் ஸ்மியரைவிட எச்.பி.வி. பரிசோதனை புற்றுநோயிலிருந்து 60 முதல் 70 சதவீதம் கூடுதல் பாதுகாப்பு தருவது தெரிந்தது. அதற்கு முன்பே மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சுமார் 1,31,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில், எட்டு ஆண்டுகளில் இந்த நோயால் வந்த மரணம், பரிசோதனைக்கு அழைக்கப்படாத குழுவைவிடப் பாதியாக இருந்தது. பாப் ஸ்மியர் குழுவிலும் வி.ஐ.ஏ. குழுவிலும் அப்படியொரு தெளிவான குறைவு இல்லை. அடிக்கடி போக முடியாத பெண்ணுக்கு எது ஏற்றது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2017-லேயே தேசியத் திட்டத்தை இதற்கு மாற்றிவிட்டன.

குறை என்ன? வைரஸ் இருக்கிறது என்பது வேறு, நோய் இருக்கிறது என்பது வேறு. தானே போய்விடக்கூடிய தொற்றையும் இது பிடித்துக் காட்டும், அந்த வீட்டில் தேவையில்லாத கலவரம் மூளும். இளம் வயதில் தொற்று மிக அதிகம், போய்விடுவதும் அதிகம். அதனால் பெரும்பாலான திட்டங்களில் 25 அல்லது 30 வயதுக்குக் கீழே இதை எடுப்பதில்லை. அமெரிக்காவின் ஒரு முக்கிய வழிகாட்டுதல் 21 முதல் 29 வரை பாப் ஸ்மியரையே சொல்கிறது. 20-களில் இருக்கும் பெண் இதற்காக அடம்பிடிக்க வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்து எடுப்பதா? பயன் கூடும் என்று தோன்றும். எச்.பி.வி. மட்டும் எடுப்பதோடு ஒப்பிட்டால் கூடுவது கொஞ்சம்தான், அலைச்சல் அதைவிட அதிகமாகக் கூடும். அக்காவுக்கு வேண்டாம் என்றேன்.

தானே எடுத்துக்கொள்ளும் முறை

பஞ்சு சுற்றிய குச்சி போன்ற ஒன்றைப் பெண்ணே உள்ளே செலுத்தி, சுழற்றி, குழாயில் போட்டுக் கொடுத்துவிடலாம். உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவி தேவையில்லை, யார் முன்னாலும் படுக்க வேண்டியதில்லை. வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் பரிசோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்குக் கிட்டத்தட்ட இணையாகவே இது நோயைப் பிடிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் திட்டத்துக்குள் வரும் எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைத் திறந்துவிட்டது.

பிரசவத்தில் பட்ட பாடு, கேட்ட ஏச்சு, யாரோ ஒருவன் செய்த கொடுமை, வெளியே சொல்ல முடியாத கூச்சம் என்று எத்தனையோ காரணத்தால் அந்தப் படுக்கையில் ஏறவே மாட்டேன் என்றிருக்கும் பெண்களுக்கு இது பெரிய வரம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வைரஸ் இருக்கிறது என்று வந்தால், அதற்குப் பிறகு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். தானே எடுத்த மாதிரியில் செல்களைப் பார்ப்பது சரிவராது. அந்த இரண்டாவது நடைக்குத் துணைக்கு யார் வருவார் என்பதை முதல் நடையின்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வி.ஐ.ஏ. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வகம் தேவையில்லை, ஒரு நிமிடத்தில் பதில் தெரியும், தகுந்த திட்டாக இருந்தால் அன்றைக்கே சிகிச்சையும் கொடுக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை பார்த்ததிலேயே இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது, 2007-இல் வெளியானது. உஸ்மானாபாத்தில் அதே முறை அப்படிக் காக்கவில்லை. பார்க்கும் கண்ணையும் பயிற்சியையும் சிகிச்சையையும் பொறுத்த முறை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது பொருந்தாது, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிப் போயிருக்கும். வேறு வழியில்லாத இடத்தில் இதுவாவது கிடைத்தால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

இவை எதுவுமே பொருந்தாத ஒரு நிலையும் உண்டு. உறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் வருகிறது, நாற்றத்தோடு நீர் போகிறது என்றால் எந்தப் பரிசோதனை என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. போன மாதம்தான் பாப் நார்மல் என்று வந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. மேலே சொன்னவை எல்லாம் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கானவை. அறிகுறி இருந்தால் மருத்துவர் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு

அக்கா எச்.பி.வி. எடுத்தாள். 16 இல்லை, 18 இல்லை, மற்ற அபாய வகைகளில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று வந்தது. அவள் கேட்டது புற்றுநோயைப் பற்றி அல்ல. "எனக்கு இது எப்படிடி வந்துச்சு? அவரா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

இந்தக் கேள்விக்குப் பரிசோதனை பதில் சொல்லாது. வைரஸ் பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டக்கூடியது. 20 வருடத்துக்கு முன்னால் வந்ததா, போன வருடம் வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. உறவு வைத்துக்கொள்ளும் மனிதர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றியிருக்கும். அந்தக் காகிதத்தை நடத்தைச் சான்றிதழாகப் படிக்காதீர்கள், உங்களுக்கும் சரி, அவருக்கும் சரி. கணவரோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்கே போகாமல் விட்ட பெண்களை எனக்குத் தெரியும். வைரஸ் செய்ததைவிட அந்தச் சந்தேகம் செய்த கேடு பெரிது.

அடுத்து என்ன செய்வது என்பது வைரஸின் வகையைப் பொறுத்தது. 16 அல்லது 18 என்றால் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வதில்லை, நேராகக் கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை. மற்ற வகை என்றால் செல்களைப் பார்ப்பார்கள். அதாவது பாப் இங்கே இரண்டாவது வடிகட்டியாக வருகிறது. செல்கள் நார்மலாக இருந்தால் 12 மாதம் கழித்து மறுபடி எச்.பி.வி. பரிசோதனை. பெரிய மாற்றம் தெரிந்தால் கால்போஸ்கோபி.

12 மாதம் சும்மா இருப்பதா, இப்போதே கால்போஸ்கோபி செய்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். அவள் நிலையில் நான் காத்திருப்பின் பக்கம்தான். செல்கள் நார்மலாக இருக்கும்போது இப்போதே ஆபத்தான மாற்றம் இருக்க வாய்ப்பு குறைவு, ஒரு வருடத்தில் வைரஸே போய்விட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவசரப்பட்டுப் பார்த்தால், தானாக ஆறிப்போகும் சின்ன மாற்றத்துக்கெல்லாம் சதை எடுக்க நேரும். ஆனால் அந்தத் தேதியைத் தவறவிடுவேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர்கள், ஊர் மாறப் போகிறவர்கள், மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி முன்கூட்டியே பார்க்கக் கேட்பதில் தப்பில்லை.

கால்போஸ்கோபி என்ற பெயரைக் கேட்டுத்தான் நான் 14 மாதம் ஒளிந்தேன். அது அறுவைச் சிகிச்சை இல்லை. உடலுக்கு வெளியே நிற்கும் பெரிதாக்கும் கருவி அது, ஜெர்மனியின் ஹான்ஸ் ஹின்செல்மன் 1920-களில் உருவாக்கியது. பாப் எடுப்பது போலவே ஸ்பெகுலம் வைத்து, அசிட்டிக் அமிலம் தடவி, சில நேரம் அயோடினும் தடவிப் பார்ப்பார்கள். எனக்குக் குளிர்ச்சியும் லேசான எரிச்சலும் இருந்தன. சந்தேகமான இடத்தில் அரிசியளவு சதை எடுத்தபோது சுருக்கென்று கிள்ளியது போல் இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் எடுத்தால் பயப்படாதீர்கள், ஒரே இடத்தில் எடுப்பதைவிட அதுதான் நம்பகமானது. பதினைந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். கர்ப்பமாக இருக்கும்போதும் கால்போஸ்கோபி செய்யலாம். புற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாவிட்டால் சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைப்பார்கள்.

எடுத்த சதையைப் பரிசோதித்த பயாப்சி முடிவு, மாற்றம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து சி.ஐ.என். 1, 2, 3 என்று வரும். மூன்றுமே புற்றுநோய் அல்ல. ஒன்று என்றால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கண்காணித்தால் போதும். மூன்று என்றால் சிகிச்சை, அதில் பேச்சே இல்லை. நியூசிலாந்தில் 1960-களிலும் 70-களிலும் சில பெண்களுக்கு, அவர்களுக்குத் தெரியாமலே, சிகிச்சை கொடுக்காமல் என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்து 1988-இல் விசாரணை அறிக்கையானது. பிற்பாடு கணக்கெடுத்தபோது, சி.ஐ.என். 3 இருந்தும் முறையான சிகிச்சை பெறாத பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்திருந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த ஒப்பீட்டுக்காக அந்தப் பெண்கள் கொடுத்த விலையை நினைத்தாவது சி.ஐ.என். 3 வந்தவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

யோசிக்க வேண்டியது சி.ஐ.என். 2-இல்தான். சிகிச்சை இல்லாமல் கண்காணித்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது, ஐந்தில் ஒருவருக்கு முற்றுகிறது. இனி குழந்தை வேண்டாம் என்றிருந்த எனக்கு முடிவு சுலபமாக இருந்தது, எடுத்துவிடச் சொன்னேன். 26 வயதில் முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணாக இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவேன் என்ற உறுதியோடு காத்திருப்பதையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

காரணம் சிகிச்சையின் தன்மையில் இருக்கிறது. திட்டைச் சூட்டாலோ உறைய வைத்தோ அழிப்பது ஒரு வழி. சில நிமிட வேலை, ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. அதனால் திட்டின் எல்லை முழுதும் கண்ணுக்குத் தெரிந்தால்தான், புற்று என்ற சந்தேகம் துளியும் இல்லாவிட்டால்தான் செய்ய வேண்டும். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது இன்னொரு வழி, லீப் என்பார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். எடுத்த சதையைப் பரிசோதித்து, ஓரம் வரை மாற்றம் இருக்கிறதா, உள்ளே வேறேதாவது ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆழமாக, அதிலும் 10 மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால், பின்னால் வரும் கர்ப்பத்தில் குறைப்பிரசவ அபாயம் கூடுகிறது. குழந்தை பெற நினைப்பவர்கள் "எவ்வளவு ஆழம் எடுப்பீர்கள்?" என்று முன்னமே கேட்கலாம், கேட்க வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டுதல்படி பிறகும் குறைந்தது 25 ஆண்டுகள் இடைவெளி விட்டுக் கண்காணிப்பு தொடர வேண்டும். கருப்பையை எடுத்தவர்களும் இரண்டு விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள்: கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, எடுத்ததற்கு என்ன காரணம். வாய் மிச்சம் இருந்தாலோ, முன்பு சி.ஐ.என். 2, 3 இருந்திருந்தாலோ பரிசோதனை தொடரும். தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்கும் பரிசோதனை உண்டு, ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

அக்காவுக்குச் செல்கள் நார்மல் என்று வந்தது. 12 மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் 9-ஆம் தேதி அந்த நாள். அவள் ஃபோனிலும் என் ஃபோனிலும் குறித்து வைத்திருக்கிறோம். அத்தான் லீவு போட்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.